நேர்ந்துவிட்டது

விடிகாலை மூன்றரை. கூண்டுத் தகரம் அதிர்ந்தது.
மூசாங்தான். வாடையே சொல்லிவிட்டது.
பாண்டான் இலை போட்டுச் சோறு பொங்கும் வாடை,
அடுப்படியில் வந்தால் பசிக்கும்.

நான் விளக்குமாற்றோடு ஓடினேன்.
லோகு டார்ச் லைட்டோடு,
இரும்பு வைத்த காலை இழுத்துக்கொண்டு.

சேவல் சாக்கடையோரம் கிடந்தது.
கிடந்தது என்று சொல்லக் கூடாது.
உட்கார்ந்திருந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி.
முதுகுத் தோல் மட்டும்
சட்டைப்பை கிழிந்த மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

துரத்தாதேம்மா, துணியைப் போடு.
இருட்டானா அடங்கிடும், என்றான்.

நான் எண்ணெய் ஆலை எடைமேடையில்
லாரி நம்பர் எழுதுகிறவள்.
காயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
சிகாமட் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம்
நாற்காலியில் தூங்கிப் படித்தது.
அழுத்து, எட்டி எட்டிப் பார்க்காதே என்பார் மிஸ்ஸி.
பார்க்கப் பார்க்க ரத்தம் நிற்காது.

பழைய கைலியை மடித்து அழுத்தினேன்.
ஐந்து நிமிஷம்.
சேவலின் நெஞ்சு என் உள்ளங்கைக்குள்
பாதி திறந்த குழாய் போல் அடித்தது.

கொதித்து ஆறிய வெந்நீர்.
கண்ணீர் கரிக்கும் அளவுக்கு உப்பு.
ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து
மெல்லப் பீய்ச்சினான்.
மண் போனது, உமி போனது,
மூசாங்கின் ஒற்றை மயிர் கடைசியில் போனது.
இறகைப் பிடுங்கவில்லை,
அவன் மீசைக் கத்தரியால் நறுக்கினோம்.
தொங்கிய தோலை அதன் இடத்திலேயே விரித்து
மஞ்சள் மருந்து.
தோட்டத்து டிரஸ்ஸர் காலத்திலிருந்து
எங்கள் எல்லாக் காயத்துக்கும் அதே மஞ்சள்தான்.

மைலோ அட்டைப்பெட்டி, துண்டு,
துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தல்.
வாயில் ஊற்றாதே, புரை ஏறும்.
அலகோரம் சொட்டு வை, அதுவா விழுங்கட்டும்.
ஆறரைக்கு ஒரு சொட்டு விழுங்கியது.
நான் வேலைக்கு லீவு சொன்னேன்,
காரணம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஒரு தப்பு செய்தேன்.
வெயில் படட்டும் என்று கொல்லையில் விட்டேன்.
அதனோடு திரிந்த பெட்டைகளே
முதுகின் சிவப்பைக் கண்டு கொத்த வந்தன.
அன்றிலிருந்து பெட்டி லோகுவின் கட்டிலடியில்.
ஈ மொய்க்காமல் கொசுவலைத் துண்டு போட்டு மூடி வைத்தான்.
ராத்திரியில் அதனோடு பேசுவது கேட்கும்.
என்னோடு பேசுவதைவிட நீளமாக.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.
அது முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல்.
செம்பனை லாரிக்கடியில் அவன் மோட்டார் கிடந்த அன்று
வார்டு வாசலில் நின்று சொன்னது.
கால் நின்றால் ஒரு சேவல்.
அந்த லாரியின் நம்பரை அன்று மத்தியானம்
என் கையால்தான் எழுதியிருந்தேன்.

ஒன்பதாம் நாள் கூவியது, பாதித் தொண்டையில்.
பதினேழாம் நாள் பூசாரி தட்சிணாமூர்த்தி வந்தார்.
இறகு முளைக்காத முதுகைத் தடவிப் பார்த்து,
குறை உள்ளது ஆகாதும்மா, சாமி ஏத்துக்காது,
வேறொன்று பார், என்றார்.
வாசலில் லோகு நின்றிருந்தான்.
ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு
பாரத்தை மாற்றிக்கொண்டான்.

வேறொன்று பார்த்தேன்.
லாபிஸ் மார்க்கெட்டில், முப்பத்திரண்டு வெள்ளி.
ராஃபியா கயிற்றில் கால் கட்டியிருந்தது.
வரும் வழியெல்லாம் என் மடியில் அசையாமல் கிடந்தது,
ஒரு கீறல் இல்லை அதன் மேல்.
இரண்டு மூன்று தடவை தடவிப் பார்த்தேன்.
இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்,
தெரியவில்லை.

லோகு கோவிலுக்கு வரவில்லை.
அன்று இரவு குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு
ரசம் ஊற்றிக்கொண்டான்.
நானும் கேட்கவில்லை.

இப்போது கூண்டுக்கு இரட்டைக் கம்பிவலை,
கதவுக்குப் பூட்டு.
சேவல் மட்டும் விடியலை நம்புவதில்லை.
தினமும் மூன்றரைக்குக் கூவுகிறது.
அடுத்த அறையில் கட்டில் கிரீச்சிடும்.
நானும் விழித்துத்தான் இருப்பேன்.